பாசமாக ஓட்டினால் தூங்கிவிடும் கார்

"பசங்க பொய் சொன்னா எப்படி டீச்சர் கண்டுபுடிப்பீங்க?"

காஞ்சனா என்னிடம் இதைக் கேட்டபோது அவருடைய தலை என் காரின் பானெட்டுக்குள் இருந்தது. குரல் இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது. முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவள் என்ற மிடுக்கோடு நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னேன். அது எனக்கு விரிக்கப்பட்ட வலை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். சின்னராஜ் போன் செய்தார். மலைமேல் எங்கள் புதூர்நாட்டு ஜீப் ஸ்டாண்டில் முதல் வரிசை ஜீப் அவருடையது. எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார். "டீச்சர், காஞ்சனாக்கா போய்ட்டாங்க." சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். சின்னராஜ்தான் தன் ஜீப்பில் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போயிருக்கிறார். வழியிலேயே முடிந்துவிட்டது. "ஜீப் ஒரு எடத்துலயும் நிக்கல டீச்சர்," என்றார். அதை இரண்டு முறை சொன்னார். அந்த ஜீப்பின் ஒயர் ஒவ்வொன்றும் காஞ்சனா கை வைத்தது.

துக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு மலை ஏறிய அந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. சிரிப்பு வருகிறது. அவரைத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்கவே வேண்டியதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். காஞ்சனா மலைக்குக் கீழே கண்ணமங்கலத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, அங்கேயே ஒரு பேட்டரிக் கடையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். கணவர் வேலு எங்கள் மலைக்காரர். சாமையும் புளியமரமும் வைத்திருப்பவர். கல்யாணமான நாளிலிருந்து காஞ்சனா வாரம் ஆறு நாள் கீழே, ஒரு நாள் மேலே என்று வாழ்ந்தார். "என் வூட்டுக்கே நான் விருந்தாளி டீச்சர். போனா காபி குடுத்து உக்கார வெக்கிறாங்க," என்பார். அந்த வாழ்க்கை போதும் என்று முடிவெடுத்துத்தான் ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, 'ஆட்டோ எலக்ட்ரிக்கல்' என்று தன் கையாலேயே பெயின்ட் அடித்து வைத்தார்.

மூன்று மாதம் ஒரு ஜீப்கூட வரவில்லை. டிரைவர்கள் கொட்டகையைத் தாண்டி வந்து டீ குடிப்பார்கள், மரியாதையாக "இன்னாக்கா, நல்லா கீறீங்களா" என்று விசாரிப்பார்கள், டைனமோ கெட்டால் மட்டும் திருப்பத்தூருக்கு இறங்குவார்கள். புளி உலுக்கி முடியும்வரை பார்ப்பது, அதற்குள் வேலை வராவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கண்ணமங்கலத்துக்கே திரும்புவது என்று வேலுவும் அவரும் பேசி வைத்திருந்தார்கள். பழைய கடையில் அவருக்கு இடமும் வைத்திருந்தார்கள். மறுபடியும் வாரம் ஆறு நாள் கீழே.

அந்த நிலையில் அவர் கொட்டகைக்கு வந்த முதல் வண்டி என்னுடையது. வண்டி என்றா சொன்னேன்! என் அண்ணன் பெங்களூரில் வைத்திருந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கை. என்னைவிடப் பத்து வயது இளையது. அண்ணன் தன் மகனோடு வெளிநாட்டில் போய் இருக்க முடிவு செய்தபோது, "நீ ஓட்டு. நின்னுபோனா எங்கிட்ட சொல்லாதே," என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். புதூர்நாட்டில் அது வந்து நின்ற அன்று பள்ளிக்கூடம் விட்டதுபோல் கூட்டம்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி. பேட்டரி இறங்கிவிடும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடும், மறுவாரம் இரண்டே பயணத்தில் படுத்துவிடும். கீழே மூன்று கடைகளில் காட்டினேன். ஒருவர் பேட்டரியை மாற்றினார். ஒருவர் தளர்ந்திருந்த பெல்ட்டை இழுத்துக் கட்டினார். மூன்றாமவர், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி உள்ளே புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தார். வியாதி போகவில்லை. நான் தினமும் வீட்டுச் சார்ஜரில் பேட்டரிக்குப் பால் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். "ஆல்டர்னேட்டர் செத்துப்போச்சும்மா," என்று காஞ்சனாவிடம் சொன்னேன்.

"செத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க டீச்சர். தூங்குதுன்னு சொல்லுங்க. நான் பார்த்து சொல்றேன்."

டிரைவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "அக்கா, பொம்ம காரு வந்துகீது. சாவி குடுத்து வுட்டா ஓடுமா?" என்று ஒருவர். "டீச்சரு ரிட்டையர் ஆய்ட்டாங்க, காரு ஆவல," என்று இன்னொருவர். கடைசியில் சின்னராஜ் முன்னால் வந்தார். அவர் சொன்னால்தான் மற்ற ஜீப்புகள் அசையும்.

"அக்கா, கீழ மூணு கடை கைய விரிச்ச வண்டி. இத நீங்க சரி பண்ணி, திங்கக்கிழம அடிவாரம் வரைக்கும் எறங்கி ஏறணும். பட்டப்பகல்ல ஹெட்லைட்டு, வைப்பரு எல்லாம் போட்டுகினு. பேட்டரி மாத்தக் கூடாது. நிக்காம வந்துச்சுன்னா எங்க ஜீப்பு அத்தனையும் உங்க கொட்டாய்க்குத்தான்."

"நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா அந்த போர்ட அவுத்துடுங்கக்கா."

காஞ்சனா யோசிக்கக்கூட இல்லை. "திங்கக்கிழம வாங்க," என்றார்.

அவர் வேலை பார்த்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வகுப்பறையில் செய்முறை பார்த்த சந்தோஷம். அவசரமே கிடையாது. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார். பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். இன்ஜின் ஓடாதபோது பன்னிரண்டரை, ஓடும்போதும் அதே பன்னிரண்டரை. பதினாலைத் தாண்டியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த பழுப்பு ஒயரை அடிமுதல் நுனிவரை தடவினார். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைச் சுரண்டி மாட்டினார். ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தனியாகப் பேட்டரியில் இணைத்துச் சுற்ற வைத்தார். அருமையாகச் சார்ஜ் கொடுத்தது! திரும்பக் காரில் மாட்டினால் தூங்கியது. நான் ஒரு தடவை ஆக்சிலேட்டரை அழுத்தி உறும விட்டதும் எழுந்துகொண்டது. அணைத்து மறுபடி கிளப்பினால் மறுபடியும் தூக்கம்.

"ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வர்ல. மெஷினு பொய் சொல்லாது டீச்சர்," என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பானெட்டுக்குள்ளிருந்து அந்தக் கேள்வி வந்தது. பசங்க பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

நான் உற்சாகமாக உதாரணத்தோடு விளக்கினேன். சோதனைக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நீ உடைச்சியா' என்று கேட்டால் 'இல்ல டீச்சர்' என்ற பதில் தயாராக இருக்கும். நான் அப்படிக் கேட்க மாட்டேன். 'உடையறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணிட்டிருந்த' என்பேன். அந்தக் கேள்விக்கு யாரும் பொய் தயார் செய்து வைத்திருப்பதில்லை.

காஞ்சனா தலையை வெளியே எடுத்தார். கன்னத்தில் கரி. "அப்ப நான் கேக்குறேன் டீச்சர். மொதல் தடவ பேட்டரி எறங்குறதுக்கு முன்னாடி இந்த வண்டில நீங்க இன்னா பண்ணீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பண்ணியிருந்தேன். கார் வந்த புதிதில், பெல்ட் தளர்வாக இருந்தபோது, மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தாளில் சிவப்பு மை வைத்த எனக்கு, என் முகத்துக்கு நேராக ஒரு சிவப்பு நின்று தப்பு, தப்பு என்று சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. பலகைக்கு அடியில் கையை விட்டு, பல்பைப் பிடுங்கி, அது இருந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டேன். பல்பு என் பேனா டப்பாவில் கிடந்தது. கடைக்காரர்கள் "சார்ஜ் லைட்டு வருதாம்மா?" என்று கேட்டபோதெல்லாம் "வரலையே" என்றேன். உண்மைதானே! விளக்கு வரவில்லை என்றால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

காஞ்சனாவிடமும் அன்று, "ஒண்ணும் பண்ணலையேம்மா," என்றேன். இயற்பியல் டீச்சர், பல்பைப் பிடுங்கினேன் என்று எப்படிச் சொல்வது? தவிர, போயும் போயும் ஒரு விளக்கு. காட்டுவதைத் தவிர அது வேறென்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

வேறு எந்தக் குறையும் அகப்படாமலே திங்கட்கிழமை வந்தது. நான் ஸ்டியரிங்கில், காஞ்சனா பக்கத்தில். பின்னால் சின்னராஜின் ஜீப்பில் ஏழு பேர். நல்ல வெயிலில் ஹெட்லைட்டுகள் எரிய, துளி மழை இல்லாத கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று தேய்க்க நாங்கள் இறங்கிய காட்சியைப் பார்த்த பெண்கள் புளி பொறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அடிவாரத்தில் டீ. இன்ஜினை அணைக்காமலே நின்று குடித்தோம். பிறகு ஏற்றம்.

முக்கியமான நாள் என்பதால் வண்டியை நோகடிக்கக் கூடாது என்று நான் பூ மாதிரி ஓட்டினேன். பாதி மலையில் வைப்பர் சோம்பலாகத் திரும்பியது. ஹெட்லைட் மஞ்சளானது. ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் இன்ஜின் இரண்டு தரம் இருமி, அடங்கிவிட்டது.

பின்னால் ஜீப் நின்றது. கைதட்டல். "போர்டு அவுக்க ஏணி வேணுமாக்கா?" என்று ஒரு குரல். காஞ்சனா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலு கிட்ட நானே சொல்லிக்கிறேன் டீச்சர். நீங்க ஒன்னும் சொல்லாதீங்க," என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சின்னப் பல்பை மறைத்து நான் காப்பாற்றிக்கொண்ட மரியாதைக்கு விலையாக ஒரு பெண் தன் வீட்டை விட்டு மறுபடியும் கீழே போகப்போகிறாள்.

நான் காரைவிட்டு இறங்கினேன். அந்த ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். "காஞ்சனா, நான் பொய் சொன்னேன். ஒரு பல்பைப் பிடுங்கிட்டேன்."

"எந்த பல்பு?"

"சிவப்பு. சார்ஜ் லைட்."

அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். எனக்குத் திட்டு விழும் என்று நின்றேன். ஆனால் அந்த முகத்தில் வந்தது மகிழ்ச்சி! சத்தியமாகச் சொல்கிறேன், மகிழ்ச்சி! "ஐயோ டீச்சர்! அது வழியாத்தான் டீச்சர் மொத கரண்டே போவும்!"

எனக்கு அங்கேயே உறைத்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம்! மின்சாரம் பிறக்கக் காந்தம் வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுவது சும்மா இரும்பு. அதைக் காந்தமாக்க மின்சாரம் வேண்டும். அந்த முதல் சொட்டை பேட்டரியிலிருந்து கொண்டுபோவது அந்தச் சின்னப் பல்பின் இழைதான். அடிபம்பில் தண்ணீர் வர முதலில் நாம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோமே, அதேதான். நான் சொம்பை ஒளித்து வைத்துவிட்டு மூன்று கடைகளிலும் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒரு நாள் வந்து ஒரு நாள் வரலையே, அது?"

"இரும்புல மிச்சம் மீதி காந்தம் கொஞ்சம் இருக்கும் டீச்சர். வேகமா சுத்துனா அதுவே போதும். நீங்க கோவமா ஓட்டுன நாள்ல தானா எழுந்துட்டிருக்கு. பாசமா ஓட்டுனா தூங்கிடுது."

அதற்குள் அவர் பலகைக்கு அடியில் படுத்துவிட்டார். "சின்னராஜு, உன் மீட்டர் பல்பு ஒன்னு கழட்டிக் குடு." சின்னராஜ் முறைத்தார். "பந்தயம் தோத்தாச்சேக்கா." "பேட்டரி மாத்தக் கூடாதுன்னுதானே சொன்ன? பல்ப பத்தி பேசவே இல்லையே. குடுடா!" ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். சின்னராஜும் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

அது என் காரின் அளவு இல்லை. காஞ்சனா டேப்பைப் பிய்த்து, இரண்டு ஒயரை நேராகப் பல்பில் முறுக்கித் தொங்கவிட்டார். எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். "கால் மணி நேரம் சும்மா இருங்க. பேட்டரி கொஞ்சம் மூச்சு வுடும்." ஏழு பேரும் வண்டியை வளைவுக்கு மேலே இருந்த சமதளத்துக்குத் தள்ளி வைத்தார்கள், பீடி பற்ற வைத்தார்கள். நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாவிய ஒரு படி திருப்புங்க டீச்சர்." திருப்பினேன். தொங்கிய பல்பு மங்கலாக எரிந்தது.

"தள்ளுங்கடா!"

ஏழு பேர் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். ஒரு உதறல், இன்னொரு உதறல், பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது! அதே நேரத்தில் பல்பு அணைந்தது. பின்னாலேயே ஓடி வந்து எட்டிப் பார்த்த சின்னராஜ், "அக்கா, லைட்டு அணஞ்சிட்ச்சு! போச்சு!" என்று அலறினார்.

"அணையணும்டா! அணைஞ்சாத்தான்டா சார்ஜு!" என்று காஞ்சனா அவரைவிட உரக்கக் கத்தினார். ஓடும் காரில் எட்டிக் குதித்து உட்கார்ந்தார். "ஹெட்லைட்ட போடுங்க டீச்சர்! வைப்பர போடுங்க! ஹாரன அடிங்க!"

எல்லாவற்றையும் போட்டேன். ஹெட்லைட் வெயிலையே வெளுக்க வைப்பதுபோல் எரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு, வறண்ட கண்ணாடியில் வைப்பர் ஆட, இரண்டு பெண்களும் கத்திக்கொண்டே புதூர்நாட்டுக்குள் நுழைந்தோம். அவ்வளவு உரக்க நான் அதற்கு முன்னும் கத்தியதில்லை, பின்னும் கத்தியதில்லை.

ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சின்னராஜ் இறங்கி வந்தார். "வண்டி நின்னுச்சுக்கா. பந்தயத்துல நீங்க தோத்துட்டீங்க," என்றார். காஞ்சனா தலையாட்டினார். "ஆனா நின்ன எடத்துல இருந்து கெளப்புனது கீழ மூணு கடைக்கும் தெரியாத வேல. என் மீட்டர் பல்பு உங்ககிட்ட கீது. நாளைக்குக் காலைல ஜீப்ப வுட்றேன், அத மாட்டிட்டு மத்ததயும் பார்த்துடுங்க."

மறுநாள் மூன்று ஜீப்புகள் நின்றன. புளி உலுக்கி முடிவதற்குள் பக்கத்து நெல்லிவாசல்நாட்டிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். போர்டை யாரும் அவிழ்க்கவில்லை. காஞ்சனா கடைசிவரை தன் வீட்டிலேயே, வாரம் ஏழு நாளும் இருந்தார். "இப்பல்லாம் காபி நான்தான் போடணும் டீச்சர்," என்று குறை சொல்வதுபோல் சந்தோஷப்படுவார்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு கொட்டகையில் ஒரு வழக்கம் வந்தது. ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது தெரியும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் ஸ்பேனரைத் தொட மாட்டார். "மொதல்ல உங்க தப்ப சொல்லுங்க. அப்புறம் வண்டி தப்ப பார்க்கலாம்," என்பார். பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் கூச்சத்தோடு நெளிந்து, ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைத்ததையும் பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதையும் ஒத்துக்கொள்வார்கள். அவர் ஒருவரையும் கேலி செய்ததில்லை. யாராவது ரொம்ப வெட்கப்பட்டால் மட்டும், "பரவால்லீங்க, எங்க டீச்சரே பல்ப புடுங்கினவங்க," என்று ஆறுதல் சொல்வார். மலை முழுக்க என் பெயர் அப்படித்தான் பரவியது. எனக்கு அதில் பெருமைதான்.

மாணவர்களிடம் நான் கேட்ட 'அதற்கு முன்னாடி என்ன செய்தாய்' என்ற கேள்வியை, ஒருவரைக்கூடக் கூனிக் குறுக வைக்காமல் கேட்கக் காஞ்சனாவுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டபோது பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். அவர் கேட்டபோது நாங்கள் இலேசானோம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: ஏழு பேர் முன்னால் 'நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் நிமிர்ந்து நிற்கலாம் என்ற தைரியம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்களிடம் பழைய கார் இருந்தால், நாளைக் காலை இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, பேட்டரிப் படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் வேறெதையும் கழற்றும் முன் அந்தப் பல்பை மாற்றுங்கள்.